வேலூரிலிருந்து போக்குவரத்து சிக்னல் பொறியியல் வேலைக்கு: சாலையோரத்தில் தொடங்கும் பயிற்சி

போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பொறியியலில் வேலைக்குச் சேர நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதுதான். ஓர் எழுத்துப் பலகை, இரண்டு பேனா, ஒரு கைக்கடிகாரம் ஆகியவற்றோடு காலை ஏழே முக்கால் மணிக்கு ஏதாவது ஒரு சந்திப்பில் போய் நில்லுங்கள் என்றே நான் அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். மென்பொருள் பின்னால் வரும். ஒரு சிக்னலில் பச்சை விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று முடிவு செய்பவர், அந்தச் சாலையில் யார் வருகிறார்கள், எங்கே திரும்புகிறார்கள், யார் நடந்து கடக்கிறார்கள் என்பதைத் தம் கண்ணால் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணாமல் போட்ட கணக்கு எவ்வளவு அழகான திரையில் தெரிந்தாலும் சாலையில் நிற்காது. வேலூரிலும் பழைய வட ஆர்க்காட்டின் மற்ற ஊர்களிலும் இருந்துகொண்டே இந்தப் பயிற்சியைப் படிப்படியாகப் பெறுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

வேலை என்ன, யார் தருகிறார்கள்

தொடக்க நிலையில் இத்துறையின் வேலைகள் மூன்று வகைப்படும். முதலாவது, போக்குவரத்துக் கணக்கெடுப்பும் வடிவமைப்பும். சாலை ஆலோசனை நிறுவனங்கள் வாகனங்களை எண்ணவும், வேகத்தை அளக்கவும், சந்திப்புகளின் வரைபடத்தைத் தயாரிக்கவும் புதியவர்களை எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, சிக்னல் நிறுவுதலும் பராமரிப்பும். கம்பம் நடுவது, கேபிள் இழுப்பது, விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியை இணைப்பது, பழுது வந்தால் நள்ளிரவிலும் போய்ச் சரிசெய்வது ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, கட்டுப்பாட்டு அறைப் பணி. நகரக் கண்காணிப்பு மையங்களிலும், சுங்கச்சாவடிகளைக் கொண்ட தேசிய நெடுஞ்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளிலும் கேமராக்களையும் மின்னணு அறிவிப்புப் பலகைகளையும் இயக்கி, விபத்து நேர்ந்தால் ரோந்து வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் சொல்லும் வேலை இது. சென்னை–பெங்களூரு 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரை ஒட்டியே செல்வதாலும், பள்ளிகொண்டாவிலும் வாலாஜாபேட்டைப் பக்கத்திலும் சுங்கச்சாவடிகள் இருப்பதாலும், இவ்வகைப் பணியை நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள வேலூர்க்காரர் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சந்திப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் சாலை யாருடையது என்று கேட்கப் பழகுங்கள். மாநகராட்சிச் சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையா, தேசிய நெடுஞ்சாலையா என்பதைப் பொறுத்து ஒப்புதல் தருபவரும், பணம் தருபவரும், பழுதுக்குப் பொறுப்பேற்பவரும் மாறுவார்கள். சிக்னலை அன்றாடம் பயன்படுத்துவதோ போக்குவரத்துக் காவலர். வேலூரிலிருந்து திருவண்ணாமலை வழியாகத் தூத்துக்குடி வரை போகும் சாலைக்கு இப்போது 38-ஆம் எண். குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாகக் கர்நாடகம் போகும் சாலைக்கு 75-ஆம் எண். இவை நகரச் சாலைகளோடு கலக்கும் இடங்களில் ஒரே சந்திப்பின் நான்கு கைகளும், அதாவது அங்கே வந்து சேரும் நான்கு சாலைகளும், ஒரே துறையைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

எந்தப் படிப்பிலிருந்து வரலாம்

சிவில், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் இத்துறைக்குள் வரலாம். வடிவமைப்பில் விருப்பமுள்ளவர்களுக்கு சிவில் டிப்ளமோவோ பி.இ. சிவிலோ பொருத்தம், கன்ட்ரோலர், கேமரா, தகவல் தொடர்பு ஆகியவற்றில் விருப்பமுள்ளவர்களுக்கு மின் அல்லது மின்னணுப் பிரிவு பொருத்தம். தொரப்பாடி, பாகாயம் பக்கத்தில் அரசு பாலிடெக்னிக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. காட்பாடியில் 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று வி.ஐ.டி.யாக வளர்ந்திருக்கும் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருப்பதால், தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் பிரிவு படித்த பிள்ளைகள் தங்களுக்கு இத்துறை எட்டாது என்று நினைத்து ஒதுங்க வேண்டாம்.

பராமரிப்புப் பக்கம் போக விரும்புபவர்கள், தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் வயர்மேன் தகுதிச் சான்றையோ, படிப்புக்கு ஏற்ப மேற்பார்வையாளர் தகுதிச் சான்றையோ பெற்றுக்கொள்வது மிகுந்த பயன் தரும். சிக்னல் ஒப்பந்ததாரருக்கு ஒவ்வொரு மின்வேலைக்கும் சான்று பெற்ற ஒருவர் தேவைப்படுகிறார். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் ‘போக்குவரத்துப் பொறியாளர்’ என்று காகிதம் தரும் இடங்களில் சேர்ந்து ஏமாறாதீர்கள். அப்படிப்பட்ட ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்த ஓர் இளைஞருக்குச் சந்திப்பின் வரைபடத்தில் நிறுத்தக் கோடு எது என்று காட்டத் தெரியவில்லை. குற்றம் அவருடையது அன்று; அவருடைய தந்தை கடன் வாங்கிக் கட்டிய பணம் அது.

முதல் படி: எண்ணுவது

ஒரு நாற்சந்தியில் ஒவ்வொரு கையிலிருந்தும் வரும் வண்டி இடப்பக்கம் திரும்பலாம், நேரே போகலாம், வலப்பக்கம் திரும்பலாம். ஆகவே எண்ண வேண்டிய நகர்வுகள் 12. இந்தப் பன்னிரண்டையும் தனித்தனியாக, வாகன வகை வாரியாக, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் குறிக்க வேண்டும். ஒருவரால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எண்ண முடியாது. கல்லூரி நண்பர்கள் நால்வர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வண்டிக்கு ஒரு கட்டாக, நான்கு நேர்கோடும் ஒரு குறுக்குக் கோடுமாகப் போடும் பழைய முறையே போதும். கைபேசியில் ஒளிப்பதிவு செய்து வீட்டில் எண்ணுவது எளிது என்று தோன்றும். ஆனால் முதல் ஐந்து கணக்கெடுப்புகளையாவது நேரில் நின்று செய்யுங்கள். ஷேர் ஆட்டோ நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் நின்று ஆள் ஏற்றும்போது அதன் பின்னால் உள்ள வரிசை முழுவதும் பச்சையை இழப்பதை, கோணம் தவறிய கேமரா காட்டாது.

வேலூரில் எங்கே நிற்பது? கோட்டைப் பக்கத்து மக்கான் சிக்னல், நேஷனல் சந்திப்பு, காட்பாடியில் சித்தூர் பேருந்து நிலையத்துச் சந்திப்பு ஆகியவை ஒன்றுக்கொன்று வேறான பாடங்களைத் தரும். புதிய பேருந்து நிலையத்தை அடுத்த கிரீன் சர்க்கிளோ, தேசிய நெடுஞ்சாலைக்குப் போகிறவர்களும் நகருக்குள் போகிறவர்களும் ஒன்றாகக் கலந்து பிரியும் இடம். தொடக்கக்காரர் அங்கே போய்த் திணற வேண்டாம். ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு போகலாம். முதலில் மூன்று கைகள் மட்டும் உள்ள சிறிய சந்திப்பு ஒன்றை, உங்கள் வீட்டுக்கு அருகில், சத்துவாச்சாரியிலோ விருதம்பட்டிலோ தேர்ந்துகொள்ளுங்கள்.

எண்ணும் நேரத்தைத் தேர்வதிலும் ஊரறிவு வேண்டும். காலை எட்டு முதல் பத்து, மாலை ஐந்து முதல் ஏழு என்று நூல்களில் இருக்கும். ஆனால் பள்ளி விடும் நேரத்தில் நம் ஊரில் தனியாக ஒரு நெரிசல் எழுகிறது. என் முதல் கணக்கெடுப்பை அலுவலக நேரத்தில் மட்டும் செய்துவிட்டு, பிற்பகலில் பள்ளி விடும் நேரத்தில் அதே சந்திப்பு நின்றுபோவதைப் பிறகுதான் பார்த்தேன். இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. சி.எம்.சி. மருத்துவமனைக்கு முன்னால் உள்ள சாலையோ முற்றிலும் வேறு இயல்புடையது. மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்திறங்கும் நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் எதிர்ப்பக்க விடுதிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் விடியற்காலையிலிருந்தே கடந்துகொண்டிருப்பார்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய பலகையைப் படிக்க இயலாதவர்கள் அவர்களுள் பலர். படக்குறியே அவர்களுக்கு வழிகாட்டும். ஆகவே அங்கே வண்டிகளை எண்ணுவதற்கு முன் பாதசாரிகளை எண்ண வேண்டும்.

எண்ணி முடித்ததும் இரண்டு எளிய கணக்குகளைச் செய்து பாருங்கள். ஒரு கையில் நான்கு கால்மணி நேரங்களில் முறையே 210, 260, 300, 230 வண்டிகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தின் மொத்தம் 1000. மிகுதியான கால்மணி நேரத்தின் எண்ணிக்கையாகிய 300-ஐ நான்கால் பெருக்கினால் 1200. ஆயிரத்தை இதனால் வகுத்தால் கிடைக்கும் 0.83 என்பது உச்சநேரக் காரணி. இது ஒன்றை நெருங்கினால் வண்டிகள் சீராக வருகின்றன என்றும், குறைந்துகொண்டே போனால் சில நிமிடங்களில் மட்டும் திடீரென்று குவிகின்றன என்றும் பொருள். ரயில்வே கேட், பள்ளி, தொழிற்சாலை ஆகியவற்றின் அருகே இந்த எண் இறங்கும்.

இரண்டாவது, பி.சி.யூ. எனப்படும் கார் அலகு. மொபெட்டும் லாரியும் சாலையில் ஒரே இடத்தை அடைப்பதில்லை என்பதால் எல்லா வண்டிகளையும் ‘எத்தனை காருக்குச் சமம்’ என்று மாற்றுகிறோம். சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நகரச் சாலைகளுக்கான 106-ஆம் எண் வழிகாட்டி, 1990-இல் வெளியானது, இருசக்கர வண்டிக்கு 0.5 அல்லது 0.75, ஆட்டோவுக்கு 1.2 அல்லது 2.0, பேருந்துக்கும் லாரிக்கும் 2.2 அல்லது 3.7 என்று தருகிறது. மொத்தப் போக்குவரத்தில் அந்த வகை 5 சதவீதம் இருந்தால் சிறிய எண்ணையும், 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரிய எண்ணையும் எடுக்க வேண்டும். இவை சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலைப் பகுதிக்கான எண்கள் என்பதை மறவாதீர்கள். சிக்னலில் இருசக்கர வண்டிகள் கார்களுக்கிடையே புகுந்து முன்னால் வந்து குவிந்துவிடுவதால், அங்கே அவற்றின் மதிப்பு வேறு. மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த இந்திய நெடுஞ்சாலைக் கொள்திறன் கையேடு சிக்னல் சந்திப்புகளுக்கான மதிப்புகளைத் தனியாகக் கொடுக்கிறது. வெளிநாட்டுப் பாடநூலில் உள்ள எண்ணை அப்படியே நம் சாலைக்கு எடுத்து வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

இரண்டாம் படி: பச்சையைப் பங்கிடும் கணக்கு

சிக்னல் ஒருமுறை எல்லாக் கைகளுக்கும் பச்சை கொடுத்து மறுபடி தொடங்கிய இடத்துக்கு வர ஆகும் நேரத்தைச் சுற்று என்கிறோம். அதன் நீளத்தைக் கணிக்க இன்றும் பயன்படுவது, இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வெப்ஸ்டர் 1958-இல் வெளியிட்ட வாய்பாடு. வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். அதை, ஒன்றிலிருந்து நெரிசல் விகிதங்களின் கூட்டுத்தொகையைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். வீணாகும் நேரம் என்பது பச்சை விழுந்ததும் முதல் வண்டிகள் கிளம்பத் தயங்கும் நொடிகளும், மஞ்சளிலும், எல்லாக் கைக்கும் சிவப்பு எரியும் முழுச் சிவப்பிலும் யாரும் போகாத நொடிகளும் சேர்ந்தது. நெரிசல் விகிதம் என்பது ஒரு கையில் வரும் போக்குவரத்தை, அந்தக் கையில் தொடர்ந்து பச்சை எரிந்தால் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய அளவால் வகுத்தது. ஐந்தரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள கைக்கு, மீட்டர் ஒன்றுக்கு 525 கார் அலகு என்று அந்த அளவைக் கணிக்கும் வழக்கம் உண்டு. ஏழு மீட்டர் அகலத்துக்கு 3675.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். நாற்சந்தி ஒன்றில் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகப் பச்சை கொடுக்கிறோம். எதிரெதிரான இரண்டு கைகளின் விகிதம் 0.20, மற்ற இரண்டின் விகிதம் 0.15. கூட்டுத்தொகை 0.70. ஒரு கட்டத்துக்கு, அதாவது பச்சை ஒருமுறை விழுவதற்கு, மூன்று நொடி வீதம் வீணாகும் நேரம் 12 நொடி. 12-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 18, ஐந்தைக் கூட்டினால் 23, அதை 0.30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 77 நொடி. அதை 80 ஆக்கிக்கொள்வோம். வீணாகும் பன்னிரண்டைக் கழித்தால் மிஞ்சும் 68 நொடியை விகிதப்படி பங்கிட, பெரிய கைகளுக்கு 19.4 நொடியும் சிறிய கைகளுக்கு 14.6 நொடியும் கிடைக்கும். இதுவரை கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இப்போது பாதசாரியைக் கொண்டுவாருங்கள். சாலையின் அகலம் 14 மீட்டர். சிக்னல் வடிவமைப்புக்கான 93-ஆம் எண் வழிகாட்டியின்படி நடைவேகம் நொடிக்கு 1.2 மீட்டர், கிளம்புவதற்கு 7 நொடி தனி. ஆகப் பாதசாரிக்கு 19 நொடி தேவை. எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டு அவர்களுக்கென்று தனிக் கட்டம் கொடுத்தால், வண்டிகளின் கணக்கில் அந்த 19 நொடியும் வீணாகும் நேரத்தோடு சேர்ந்து 31 ஆகிவிடும். வாய்பாட்டில் போட்டால் சுற்று 172 நொடி. சுற்று 120 நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை எல்லை. அதற்கு மேல் போனால் சிவப்பிலேயே வண்டியை எடுக்கத் தொடங்குவார்கள். இங்கேதான் பல இடங்களில் பாதசாரிக் கட்டத்தையே நீக்கிவிடுகிறார்கள். அந்த முடிவை நான் ஏற்பதில்லை. எதிரெதிர்க் கைகளை ஒன்றாகத் திறந்து, நான்கு கட்டத்தை இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்: விகிதங்களின் கூட்டுத்தொகை 0.35 ஆகிறது, வீணாகும் நேரம் ஆறும் பத்தொன்பதும் சேர்ந்து 25, சுற்று 65 நொடிதான். பாதசாரிக்கு முழு நேரமும் கிடைக்கிறது, வண்டிக்காரருக்கும் காத்திருப்பு குறைகிறது.

அப்படியானால் எல்லாச் சந்திப்பிலும் இதையே ஏன் செய்வதில்லை? எதிர்க் கையிலிருந்து நேரே வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு வலப்பக்கம் திரும்புகிறவர்கள் குறைவாக இருந்தால்தான் இது பாதுகாப்பானது. அவர்கள் அதிகமாக இருந்தால் தனி வலத்திருப்பக் கட்டம் வேண்டும், அல்லது வலத்திருப்பத்தைத் தடைசெய்து சற்றுத் தொலைவில் திருப்பிவிட வேண்டும். பன்னிரண்டு நகர்வுகளையும் தனித்தனியாக எண்ணச் சொன்னதன் காரணம் இதுவே. மொத்தமாக ‘இந்தச் சாலையில் மணிக்கு இத்தனை வண்டி’ என்று எண்ணி வந்தவரால் இந்த முடிவை எடுக்கவே முடியாது.

நொடிக்கு 1.2 மீட்டர் என்பது நலமாக உள்ளவரின் நடை. அறுவை முடிந்து, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அதே 14 மீட்டரைக் கடக்க 11.7 நொடிக்குப் பதிலாக 17.5 நொடி ஆகும். அந்த ஆறு நொடியில் அவர் சாலையின் நடுவில் நிற்பார். மருத்துவமனைக்கு முன்னால் வேலை செய்யும் பொறியாளர் இந்த ஆறு நொடியைத் தம் கணக்கில் சேர்க்க வேண்டும், அல்லது நடுவில் அவர் நின்று இளைப்பாறத் திட்டு அமைக்க வேண்டும். வழிகாட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு மேல் கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

மஞ்சள் விளக்கின் கணக்கு சிறியது. ஆனால் உயிரோடு தொடர்புடையது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 13.9 மீட்டர். ஓட்டுநர் உணர ஒரு நொடி. நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகம் குறையும் என்று கொண்டால், 13.9-ஐ ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்ட 3.3 நொடி வருகிறது. மஞ்சளை இரண்டு நொடியாகக் குறைத்தால், நிறுத்தவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஒருவர் மாட்டிக்கொள்வார். பச்சையைக் கூட்டுவதற்காக மஞ்சளிலிருந்து நொடி திருடச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பெட்டிக்குள் என்ன இருக்கிறது

சிவில் படித்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கத் தயங்குகிறார்கள். மின்னணுப் பிரிவினர் சாலையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தெரிந்தவர் தொடக்க நிலையிலேயே தனித்துத் தெரிவார். கன்ட்ரோலர் பெட்டிக்குள் மின்வழங்கல், நேரத்தைக் கணிக்கும் பலகை, விளக்குகளை ஏற்றி அணைக்கும் ஸ்விட்ச் பலகைகள், முரண்பாட்டைக் கண்காணிக்கும் பகுதி, காவலர் கையால் இயக்கும் பொத்தான்கள் ஆகியவை இருக்கும். முரண்பாட்டுக் கண்காணிப்பு என்பது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை போனால் உடனே முழுச் சிக்னலையும் மினுக்கும் நிலைக்குத் தள்ளும் காவல். இந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு, அல்லது ஏமாற்றி, சிக்னலை ஓட்டக் கூடாது; எவ்வளவு அவசரமானாலும் கூடாது.

நேரத்தை முன்கூட்டியே நிர்ணயித்து ஓடும் சிக்னல், வண்டி வருவதை உணர்ந்து பச்சையை நீட்டும் சிக்னல், அடுத்தடுத்த சந்திப்புகளைச் சேர்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல் என்று மூன்று நிலைகளை அறிந்துகொள்ளுங்கள். மூன்றாவது வகையில் இங்கிலாந்தின் ஸ்கூட், ஆஸ்திரேலியாவின் ஸ்காட்ஸ் ஆகியவற்றோடு, நம் நாட்டின் வரிசை தவறிய கலப்புப் போக்குவரத்துக்கென்று திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய கோசிகாஸ்ட் முறையும் உண்டு. சாலையில் புதைக்கும் கம்பிச்சுருள் உணரி, கார் தன் வரிசையில் வரும் நாடுகளில் நன்றாக வேலை செய்யும். இரண்டு வரிசைக்கு நடுவே வரும் மோட்டார் சைக்கிளை அது தவறவிடக்கூடும். சாலையை யாராவது தோண்டினால் அறுந்தும் போகும். அதனால் இங்கே கேமரா வழி உணர்வதை அதிகம் காண்கிறோம். கேமராவுக்கோ கண்ணாடி துடைக்க ஆள் வேண்டும்.

வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊர் இது. சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கல் பகுதி விரைவில் கெட்டுப்போகும். காற்றோட்டத் துளையும் விசிறியும் தூசி அடைக்காமல் இருக்கின்றனவா என்று மாதந்தோறும் பார்ப்பது பராமரிப்பாளரின் முதல் கடமை. ஐப்பசி மழையில் கேபிள் இணைப்புகளில் நீர் இறங்கும். எர்த் சரியாக இல்லாத சிக்னல் கம்பத்தில் மழைநாளில் கை வைக்கும் பாதசாரியை நினைத்துக்கொள்ளுங்கள். எர்த் அளவீட்டைப் பதிவேட்டில் வெறுமனே முந்தைய எண்ணைப் பார்த்து எழுதிவைக்க உங்களுக்கு மனம் வராது.

சாலையில் நிற்கும் முறை

கணக்கெடுப்புக்குப் போகுமுன் அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில், கல்லூரிக் கடிதத்தோடு, எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒளிரும் மேலாடை அணியுங்கள், நடைபாதையில் நில்லுங்கள், காதில் பாட்டு வேண்டாம். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். பணியில் இருக்கும் காவலரிடம் “ஐயா, இந்தச் சந்திப்பில் எந்தக் கையை முதலில் விட்டால் நெரிசல் குறைகிறது?” என்று மரியாதையோடு கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் கையால் விட்டுப் பழகியவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, உங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை நடக்கும் சாலையில் நிற்பது இன்னும் ஆபத்தானது. அதற்கென்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 55-ஆம் எண் சிறப்பு வெளியீடு இருக்கிறது. முன்னெச்சரிக்கைப் பகுதி, வண்டிகளை ஒதுக்கும் பகுதி, வேலைப் பகுதி, பழைய வழிக்குத் திருப்பிவிடும் பகுதி என்ற நான்கையும் வரைந்து பழகுங்கள். 2022-இல் காட்பாடி ரயில்வே மேம்பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது அந்தப் பக்கம் போன எவருக்கும், ஒரே ஒரு பாலத்தை மூடினால் எத்தனை சந்திப்புகளின் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்பது நினைவிருக்கும். அந்த மாற்றுவழியை ஒரு தாளில் நீங்களே வரைந்து, எங்கெங்கே பலகை வைத்திருப்பீர்கள் என்று குறித்துப் பாருங்கள். நல்ல பயிற்சி அது.

நூலும் மென்பொருளும்

1934-இல் தொடங்கிய இந்தியச் சாலைக் காங்கிரஸின் வெளியீடுகளில் தொடக்கக்காரருக்கு வேண்டியவை சில: சிக்னலுக்கு 93, சாலைப் பலகைகளுக்கு 67, சாலைக் கோடுகளுக்கு 35, பாதசாரி வசதிகளுக்கு 103, வட்டச் சந்திப்புகளுக்கு 65. திருத்தப்பட்ட பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்தே பயன்படுத்துங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் போக்குவரத்துப் பொறியியல் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். மென்பொருளில் முதலில் விரிதாள், அடுத்து ஆட்டோகேட், பிறகு இலவசமாகக் கிடைக்கும் நிலவரைபட மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ். மாதிரியாக வண்டிகளை ஓடவிட்டுப் பார்க்க, ஜெர்மனியில் உருவான சூமோ இலவசம்; அலுவலகங்களில் விஸ்ஸிம் அதிகம் கேட்கப்படுகிறது. மேலே செய்த வெப்ஸ்டர் கணக்கை விரிதாளில் சொந்தமாக அமைத்த பிறகு இவற்றைத் தொடுங்கள்.

சட்டத்தையும் சிறிது படித்துவையுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் நேர்ந்தால் அது கரும்புள்ளி எனப்படும். அப்படிப்பட்ட இடங்களை ஆய்வு செய்யும் பணிகளில் புதியவர்களுக்கு நிறைய இடம் உண்டு.

வேலைக்கு விண்ணப்பிப்பது

டிப்ளமோவோ பட்டமோ முடித்தவர்கள், 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையோடு ஓராண்டு பழகுநர் பயிற்சி பெறலாம்; தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், தென்மண்டல அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. அரசுப் பணியை விரும்பும் சிவில் பட்டதாரிகள் தேர்வாணையம் வழியாக நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்கும், டிப்ளமோ முடித்தவர்கள் இளநிலை வரைதொழில் அலுவலர் பணிக்கும் தயாராகலாம். மேற்படிப்புக்கு கேட் தேர்வின் சிவில் தாளிலேயே போக்குவரத்துப் பொறியியல் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகமும் திருச்சி என்.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் அருகிலுள்ள வாய்ப்புகள்.

தனியார் நிறுவனத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு ஒரு கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் நீங்கள் எண்ணிய ஒரு சந்திப்பின் அளவிட்ட வரைபடம், பன்னிரண்டு நகர்வுகளின் கால்மணிப் பட்டியல், உச்சநேரக் காரணி, சுற்று நேரக் கணக்கு, இப்போது ஓடும் நேரத்தை நொடிமானியால் அளந்து எழுதிய அட்டவணை, உங்கள் பரிந்துரை ஆகியவை ஐந்தாறு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். எண்ணிய நாளையும், வானிலையையும், அன்று திருவிழாவோ பள்ளி விடுமுறையோ இருந்ததா என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நீங்கள் எண்ணத் தவறிய நகர்வு ஏதேனும் இருந்தால் அந்தக் கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விட்டு, ஏன் எண்ண முடியவில்லை என்று அருகில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நேர்காணலில் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்த வரியைத்தான்.